பின் குசினிக் கரவான்

கிரான்பர்ன்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? காதுக்கு வைத்த மெசின் ரெலிபோனைக் கண்டால் இன்னும் கூவுகிறதா? அது கூவும்வரை நமக்குக் கடிதம்தான் கதி. தபால்காரரும் பிழைக்கட்டும்.

ஒரு புதினம் சொல்ல இருக்கிறது. இவர் ஏப்ரலோடு வேலையை விடுகிறார். விட்டதும் வீட்டில் இருந்துகொண்டு என் சமையலை மேற்பார்வை செய்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய யோசனையோடு வந்து நிற்கிறார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற கரவான் ஒன்று வாங்கி, ஓகஸ்டில் இந்தக் குளிரை விட்டு குயின்ஸ்லாந்துப் பக்கம் போய் இருக்கலாமாம். எனக்கும் ஆசைதான், அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு கரவான் பார்த்தோம். ஒன்றில் அடுப்பும் குசினியும் நடுவில், கதவுக்குப் பக்கத்தில். மற்றதில் பின்சுவர் முழுக்கக் குசினி, பெரிய சன்னலோடு. இவருக்கு நடுக் குசினி, எனக்குப் பின் குசினி. நீங்களும் அத்தானும் எத்தனை வருஷம் பின் குசினிக் கரவானோடு ஊர் சுற்றினீர்கள்! நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள். அத்தான் போனபிறகு அந்தக் கரவான் மகன் கீர்த்தனனின் வீட்டு வளவில் சும்மாதானே நிற்கிறது?

மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு.

தங்கச்சி பாமா


கிரவீன்
20 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் மழைக்கு முதல்நாள் எனக்குத் தகவல் சொல்கிறது, மற்றும்படி குறையில்லை. விக்னராஜாவுக்கு ஓய்வு நல்லபடி அமையட்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே. முதலில் கெட்டதை எழுதுகிறேன். குசினி பின்னுக்கு இருந்தால் குளிர்சாதனப்பெட்டி, அடுப்பு, சட்டிபானை எல்லாப் பாரமும் உருளுகிற சில்லுக்குப் பின்னால் போய்விடும். வேகமாக ஓடினால் கரவான் வாலை ஆட்டும். அத்தான் அதற்காக அரிசி மூடையையும் தண்ணீர்க் கானையும் முன்கட்டிலுக்குக் கீழே வைப்பார். கிரவல் ரோட்டில் பின்பக்கம்தான் கூடத் துள்ளும். புறோக்கன் ஹில் போகும் வழியில் அலுமாரி லாச்சி இழுபட்டுத் திறந்து மிளகாய்த்தூள் போத்தல் உடைந்தது. கதவைத் திறந்த அத்தான் தும்மின தும்மலுக்கு, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். புழுதியும் பின்னால்தான் ஏறும்.

நல்லது என்னவென்றால், கைகாலை நீட்டிச் சமைக்கலாம். நீ சமைக்கும்போது மனுசன் குறுக்கே நெடுக்கே போகமாட்டார். தாளிக்கிற மணம் கட்டிலுக்கு வராது. பின்சன்னலைத் திறந்தால் வெளியே பார்த்துக்கொண்டு வெங்காயம் வெட்டலாம்.

எங்கள் கரவான் வளவில்தான் நிற்கிறது. சும்மா என்று சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா சிவகௌரி


கிரான்பர்ன்
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உங்கள் சுகத்தை முழங்காலிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டது பாதி கேளாதது பாதி. வால் ஆட்டும் என்ற இடத்தில் "பாத்தியே, நான் சொன்னனான்!" என்று எழும்பிப் போய்விட்டார். நல்லதை நான் சுவருக்குத்தான் வாசித்தேன்.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். மீன் பொரித்தால்? நடுக் குசினியென்றால் தலையணையே சூடை மீன் மணக்கும். உண்மையாகவே பின் குசினியில் அந்தக் கரைச்சல் இல்லையா? உங்களுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. மருமகள் வர்ஷாவோ திருச்சிச் சைவப் பிள்ளை. ஒரு வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போன கிழமை கீர்த்தனனுக்கு ரெலிபோன் அடித்து உங்களைக் கேட்டேன். "அம்மா பின்னுக்கு, சித்தி" என்றான். எப்போது அடித்தாலும் பின்னுக்கு. அப்படி என்ன உடுப்புத் தோய்த்துக் காயப்போடுகிறீர்கள்?

அன்புடன்
பாமா


கிரவீன்
16 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க முருகன் துணை.

மீனைப் பற்றிக் கேட்டாய். இந்த வீட்டில் அது சொல்லிலேயே தொடங்கின கரைச்சல். நான் வென்ட்வேர்த்வில் வீட்டை விட்டு மகனோடு வந்த முதல் கிழமை, "பிள்ளை, இண்டைக்கு மச்சமோ சைவமோ?" என்று வர்ஷாவைக் கேட்டேன். அந்தப் பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய்க் கழுத்தைப் பார்த்தது. அவர்களுக்கு மச்சம் என்றால் தோலில் இருக்கும் கறுப்புப் புள்ளி. எங்களுக்கு மச்சம் என்றால் மீனும் இறைச்சியும் என்று விளக்கினபிறகு, இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவளுக்கு மீன் மணம் தலையிடி கொண்டுவரும். வீட்டில் இருந்தே வேலை செய்கிறவள். அதனால் கீர்த்தனன் கரவானைத் திறந்து காஸ் கொழுவித் தந்தான். அதுதான் இப்போது இந்த வீட்டு மச்சக் குசினி. எந்த மீனும் பொரிக்கலாம், கட்டில் பக்கம் மணம் வராது. கையால் சத்தியம் அடித்துத் தருவேன். குளிர்காலத்தில் மட்டும் காலையில் பின்சன்னல் வியர்த்து ஒழுகும். ஒரு பழைய துவாயை உருட்டி வைத்தால் சரி.

இன்னொன்று. பின்சன்னல் பெரிது என்று மயங்காதே. அது எதைப் பார்த்து நிற்கிறதோ, அதைத்தான் நீ முழுநாளும் பார்க்கவேண்டும்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. மேல்மூடித் தகரத்தில் விழும் சத்தத்தில் எழுத ஓடவில்லை. நிறுத்துகிறேன்.

அக்கா


கிரான்பர்ன்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். மச்சக் கதையை வாசித்து இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பின் குசினிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறார். அரிசி மூடை யோசனை பிடித்துவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கீர்த்தனனின் வீடு ஓட்டுவீடு. அதில் எந்தத் தகர மேல்மூடியில் மழை விழுந்தது? கடிதத்தை எங்கே இருந்து எழுதினீர்கள்? குளிர்காலக் காலையில் சன்னல் வியர்ப்பதும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் அத்தானும் குளிரென்றால் வடக்கே ஓடுகிற ஆட்கள்.

பகிடிக்குக் கேட்கவில்லை, அக்கா. பதில் போடுங்கள்.

பாமா


கிரவீன்
2 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது. சின்னத் தடிமனும் தும்மலும், மாறிவிட்டது. நீங்கள் சுகம்தானே? விக்னராஜா வேலையை விட்டிருப்பார். காலையில் அவர் எழும்பும்வரை நீ குசினிக்குள் போகாதே, தேத்தண்ணி போட அவரைப் பழக்கிவிடு.

காஸ் சிலிண்டர் எப்போதும் இரண்டு வை. ஒன்று முடிவது சோறு பாதி வெந்திருக்கும்போதுதான். லாச்சிகளுக்கு உள்ளே ரப்பர் விரிப்புப் போடு. கண்ணாடிப் போத்தல் ஒன்றும் வேண்டாம். கதவு நடுவில் இருந்தால், நீ பின்னுக்கு அடுப்படியில் நிற்கும்போது யார் வருகிறார் போகிறார் என்று தெரியாது. காது கேளாதவர்களுக்கு அது பெரிய குறை. யாரும் வந்து தட்டினார்களோ, தட்டவில்லையோ என்று யோசித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மழை எல்லா இடத்திலும்தான் பெய்கிறது.

அக்கா


கிரான்பர்ன்
10 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமில்லை. உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. அதனால் இவருக்கும் இல்லை.

கீர்த்தனனுக்கு அடித்து நேரே கேட்டுவிட்டேன். முதலில் உங்கள் முழங்காலைப் பற்றிச் சொன்னான். பிறகு, "ஓம் சித்தி, அம்மா கரவானுக்குள்ளதான் இருக்கிறா. அவாதான் அங்கை வசதி எண்டவ" என்றான். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். போன ஓகஸ்டில் இருந்தாம்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவனில், அந்தப் பிள்ளையில், எல்லாரையும் விட உங்களில். நான் குசினி பின்னுக்கு நல்லதா நடுவில் நல்லதா என்று ஆசையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு எனக்கு ரப்பர் விரிப்பு வாங்கச் சொல்கிறீர்கள். சொந்த மகனின் வளவில் இப்படி ஒதுங்கி இருக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து? உங்களைப் போகச் சொன்னது யார்? மறைக்காமல் எழுதுங்கள்.

பாமா


கிரவீன்
9 ஜூன் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துப் பேனையை எடுக்கிறேன். நித்திரை கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

யாரும் போகச் சொல்லவில்லை. அதுதான் சொல்ல வெட்கமாக இருந்தது. முதலில் மீன் பொரிக்க மட்டும் வந்தேன். பொரித்ததைக் கோப்பையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் போனால் பிறகென்ன பிரயோசனம் என்று இங்கேயே சாப்பிட்டேன். மீன் வித்த காசு நாறாது என்பார்கள். ஆனால் மீன் பொரித்த தலைமயிர் நாறும். அதனால் குளித்துக் காய்ந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒருநாள் களைப்பில் முன்கட்டிலில் படுத்தேன், விடிந்துவிட்டது. அடுத்தநாளும் அப்படியே. பிறகு இரண்டு சேலை கொண்டுவந்து கொழுவினேன்.

ஒரு பின்னேரம் வர்ஷா வந்து கதவடியில் நின்றாள். "அத்தை, குளிருது, உள்ள வந்து படுங்க" என்றாள். நான் மரியாதைக்கு, "வேண்டாம் பிள்ளை, எனக்கு இங்கை வசதி" என்றேன். யாரும் கேட்டால் நாங்கள் அப்படித்தானே சொல்வோம்? இன்னொருதரம் கேட்பாள் என்று கதவைச் சாத்தாமல் இருந்தேன். அடுத்தநாள் கீர்த்தனன் ஹீற்றரும் நீளமான வயரும் கொண்டுவந்து பூட்டினான். ஹீற்றரைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது, கேட்டு முடிந்துவிட்டது, இனிக் கேட்கமாட்டார்கள் என்று.

பின்சன்னலைப் பற்றி எழுதினேன் அல்லவா. எந்தக் கரவான் பார்க்குக்குப் போனாலும் அத்தான் மெனக்கெட்டு முன்னுக்குப் பின்னுக்கு எடுத்து, என் சன்னலைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிடுவார். "உனக்குக் கடல், எனக்குச் சாப்பாடு" என்பார். இங்கே அது வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்து நிற்கிறது. பொழுதுபட்டு லைற் போட்டால் இரண்டு பேரும் இருந்து சாப்பிடுவது நல்லாகத் தெரியும். மூன்றாவது கதிரையில் வர்ஷாவின் கொம்பியூட்டர் பை இருக்கும். இதைத் திருப்பி நிறுத்த எனக்குத் தெரியாது, பாமா. மகனைக் கேட்கவும் மனமில்லை.

அந்தப் பிள்ளையைக் குறைசொல்லிப் பேசாதே.

அக்கா


கிரான்பர்ன்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆகவே சுகம்.

நான் யாரையும் பேசவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை நாலுதரம் வாசித்தபிறகு ஒன்று தெரிந்தது. 'மச்சம்' என்று நீங்கள் சொல்ல அவள் கையைப் பார்த்தாள். 'வேண்டாம்' என்று நீங்கள் சொன்னதும் அதே கதைதான். அவளுக்குத் தெரிந்த வேண்டாம் வேறு, எங்கள் வேண்டாம் வேறு. மச்சத்தை விளக்கி இரண்டு பேரும் சிரித்தீர்கள் அல்லவா? இதையும் போய் விளக்குங்கள். சிரிப்பு வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், அடுத்தநாளே நாங்கள் அங்கே நிற்போம்.

வெட்கத்தைப் பார்த்தால் இன்னொரு ஓகஸ்டும் வந்துவிடும்.

பாமா


கிரவீன்
6 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். இந்தமுறை கேட்கிறவர்களுக்குச் சொல்கிற சுகம் இல்லை, உண்மையான சுகம்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு கிழமைக்கு மேலாக யோசித்தேன். போன சனிக்கிழமை வர்ஷா கறிவேப்பிலை பிடுங்க வளவுக்கு வந்தாள். கூப்பிட்டேன். "பிள்ளை, உமக்கு ஒரு சொல் விளங்கப்படுத்த வேணும். எங்கடை ஆக்கள் ஒருக்கா வேண்டாம் எண்டால் அது வேண்டாம் இல்லை. மூண்டு தரமாவது கேக்கவேணும். மூண்டாந்தரமும் வேண்டாம் எண்டால்தான் வேண்டாம்" என்றேன்.

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அத்தை, எங்க வீட்டுல பெரியவங்க ஒரு தடவ வேண்டாம்னுட்டா அதோட விட்டுடணும். திரும்பத் திரும்பக் கேட்டா அவங்க பேச்ச நாம மதிக்கலன்னு ஆயிடும். நான் உங்களுக்குப் பயந்துதான் கேக்கல. என்னைப் பிடிக்காமத்தான் வெளிய போய்ட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

பார்த்தாயா கூத்தை! எங்கள் மரியாதை கேட்பதில். அவர்கள் மரியாதை கேளாமல் விடுவதில். இரண்டு மரியாதைக்கும் நடுவில் நான் ஒரு வருஷம் ஹீற்றரோடு.

கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே, "உள்ள வாங்க அத்தை. உள்ள வாங்க அத்தை. உள்ள வாங்க அத்தை" என்றாள். ஒரே மூச்சில் மூன்றும். பழக்க தோசத்தில் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நல்லவேளை அழுகை முந்திக்கொண்டது. இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம்.

அன்றைக்கே உடுப்புகளை உள்ளே கொண்டுபோனேன். கீர்த்தனன் கட்டிலுக்கு விரிப்புப் போட்டான். விரிப்பைப் போட்டுவிட்டு அதிலேயே இருந்து தலையைக் குனிந்துகொண்டான். தலையைத் தடவிவிட்டேன். மீனுக்குக் கராஜில் அடுப்பு வைக்கப்போகிறார்கள். வர்ஷா ஒரு காற்றாடியும் வாங்கி வந்துவிட்டாள், மணத்தை ரோட்டுப் பக்கம் தள்ள. மூன்றாவது கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். கொம்பியூட்டர் பை நிலத்தில்.

இனி உன் கதையை எழுது. எந்தக் கரவான்?

அக்கா


கிரான்பர்ன்
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தோடு எங்களுக்கும் நித்திரை திரும்பிவிட்டது. இவர் விடிய விடியக் குறட்டை.

எந்தக் கரவான் என்று கேட்டீர்கள். புதிது ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அத்தானின் கரவான்தான் எங்களுக்கு வேண்டும். சில்லு, பிரேக் எல்லாம் பார்த்துச் செய்யவேண்டியதை இவர் செய்வார். கீர்த்தனனுக்குச் சம்மதமாம், உங்களைக் கேட்கச் சொன்னான். பாரம் பின்னுக்கு என்று இவ்வளவு நாள் கத்தின மனுசன், இப்போது அரிசி மூடைக்கு இடம் அளக்கிறார்.

ஓகஸ்ட் முதல் கிழமை காரோடு கிரவீனுக்கு வருவோம். அங்கேயே கொழுவிக்கொண்டு நேரே வடக்கே போவோம். நடுவில் இருக்கிற மேசையை இறக்கினால் ஒரு கட்டில் வருமே. குசினிப் பக்கம் தலைவைத்துப் படுக்கலாம். நீங்களும் எங்களோடு வாருங்கள். செப்டெம்பர் கடைசியில் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து வர்ஷாவின் கையில் ஒப்படைப்போம்.

உங்கள் 'வேண்டாம்' எனக்கு விளங்கும், நான் உங்கள் தங்கச்சி. எத்தனை தரம் கேட்கவேண்டுமோ கேட்பேன். இது முதலாவது.

பாமா


கிரவீன்
21 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் நாளைக்கு மழை என்கிறது.

லாச்சிகளுக்குப் புது ரப்பர் விரிப்புப் போட்டுவிட்டேன். சன்னல் கண்ணாடியை நானும் வர்ஷாவும் துடைத்தோம். மிளகாய்த்தூளைப் பிளாஸ்ரிக் போத்தலில் போட்டாயிற்று. கடற்கரையில் நிறுத்தும்போது எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று விக்னராஜாவுக்கு நீ சொல்லத் தேவையில்லை, நான் சொல்வேன்.

ஒருக்காக் கேட்டாய், காணும், மூண்டுதரம் தேவையில்லை. வாறன்.

அக்கா